தலைக்கு எந்த மொழி? இரவிக்குட்டிப்பிள்ளை போரை வகுப்பில் படித்தபோது

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர்களுக்கு இரண்டு வாரம் கதைப்பாடல் பகுதியைக் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எந்தப் பனுவலைப் படிப்பது என்பதை என்னிடமே விட்டிருந்தார்கள். போரும் இழப்பும் பற்றிய தமிழ்க் கவிதை என்றால் நம் பாடத்திட்டங்கள் புறநானூற்றில் தொடங்கும். கலிங்கத்துப்பரணியை ஒரு நாள் தொட்டுவிட்டு, அங்கிருந்து ஒரே தாவலில் 1985-இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்புக்குச் சென்றுவிடும். பரணி வென்றவனைப் பாடுவது. அதில் இழப்பைத் தேடுவதில் பொருளில்லை. ஆக, கையறுநிலைக்கும் ஈழக் கவிதைக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேல் தமிழர் யாருக்காகவும் அழவில்லை என்று மாணவர் எண்ணிக்கொள்ள இடமுண்டு. அந்த இடைவெளியில் நிற்கும் ஒரு பாடலை, அதுவும் நாங்கள் அமர்ந்திருந்த கட்டடத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் நடந்த ஒரு போரின் பாடலை எடுத்தேன்: இரவிக்குட்டிப்பிள்ளை போர்.

முதல் வகுப்பில் வந்த முதல் கேள்வி, “இது தமிழா, மலையாளமா?” என்பதே. கேட்டவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்து மாணவர். விளவங்கோட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருவர் உடனே, “எங்க ஊர்ல யாரும் அப்படிக் கேட்கமாட்டாங்க, பாட்டுன்னுதான் சொல்லுவாங்க” என்றார். மொழியியல் படித்தவர் என்ற முறையில் நான் விடையோடு இருந்திருக்க வேண்டும். விடை இல்லை. இரண்டு வாரமும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போயிற்று என்பதால், நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் நிகழ்ச்சி. பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியில் வேணாட்டின் அரசிருக்கை கல்குளத்தில், இன்றைய பத்மநாபபுரத்தில் இருந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில்நாட்டுக்குள் நாயக்கர் படை நுழைந்தது. அப்படையை நடத்தி வந்தவர் இராமப்பய்யன். வேணாட்டின் சார்பில் எதிர்த்து நின்ற தளபதி, தக்கலைக்கு அருகே கேரளபுரத்தைச் சேர்ந்த இரவிக்குட்டிப்பிள்ளை. நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில் போர் நடந்தது. கொல்லம் ஆண்டு 810 ஆவணியில் தொடங்கி அடுத்த ஆடியில் முடிவதால், ஆங்கில ஆண்டாக மாற்றும்போது 1634 என்றும் 1635 என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. உடனிருந்த பிள்ளைமார் பொறாமையால் கைவிட, இரவிக்குட்டி தனித்து நின்று வெட்டுண்டார் என்கிறது பாடல். தலையை எதிரிகள் கொண்டுபோகிறார்கள். காளி நாயர் என்னும் அவருடைய ஆள் பகைவர் பாசறைக்கே சென்று அதை மீட்டுவருகிறான்.

(கேரளபுரம் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு பராமரிக்கிறது. எல்லையைப் பற்றி வகுப்பில் தனியாக விளக்க எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.)

இதே படையெடுப்புக்கு அரசுத் தரப்பு எழுத்தும் உண்டு. நாயக்கர் படையால் நாஞ்சில்நாட்டில் விளைச்சல் அழிந்ததைக் கருத்தில் கொண்டு வரி நீக்கிய அரச ஆணை ஒன்றைத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் சுட்டுகின்றன. வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்தோம். ஆணைக்குத் தெரிவது நிலமும் வரியும். பாடலுக்குத் தெரிவது ஒரு மனிதனும் அவன் வீட்டாரும். அழிந்த பயிரைப் பற்றிப் பாடலும் அதிகம் கவலைப்படவில்லை என்பதை ஒரு மாணவர் சுட்டிக்காட்டினார். நியாயமான குறை அது. ஒரு தளபதியின் சாவைப் பாட ஆள் இருந்தது. அவரோடு விழுந்த நாஞ்சில்நாட்டுக் குடிமக்களின் பெயர் பாடலிலும் இல்லை, ஆணையிலும் இல்லை.

இந்நகரத்தின் வரலாற்றுப் புலமை தொடக்கத்திலிருந்தே கல்லின் பக்கம் சாய்ந்தது. மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1894-இல் வேணாட்டின் பழைய அரசர்களைப் பற்றி எழுதியபோது கல்வெட்டுகளையே அடித்தளமாகக் கொண்டார். புராணக் கதைகள் வரலாறாக உலவிய காலத்தில் அது துணிவான, தேவையான செயல். ஆனால் அந்த நெறி பழகிவிட்ட பிறகு கதைப்பாடல்களுக்கு ஒரே ஒரு வேலைதான் மிஞ்சியது: கல்வெட்டு சொல்லாத இடத்தில் ஒரு பெயரையோ தேதியையோ நிரப்பிக் கொடுப்பது. நாகமய்யாவின் திருவிதாங்கூர் மானுவல் (1906) முதலான நூல்களைப் படித்துவிட்டு வரும் மாணவர் இந்தப் பாடலிடம் கேட்பதெல்லாம், காட்டிக்கொடுத்தவர் யார், படை எவ்வளவு, போர் எந்த நாளில் என்பவைதாம். பாடலின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் கனவுகளையும் தீக்குறிகளையும் அவர்கள் கைதள்ளிப் போகிறார்கள். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் போனேன்.

தள்ளிய பகுதிக்குத் திரும்பியது ஒரு மாணவியின் குறுக்கீட்டால். போருக்குப் புறப்படும் முன் வீட்டுப் பெண்கள் தீய கனவு கண்டதைச் சொல்லி, போகவேண்டாம் என்று தடுக்கிறார்கள். “புறநானூற்றுத் தாய் இப்படிச் செய்யமாட்டாளே?” என்று அவர் கேட்டார்.

நல்ல கேள்வி. மூதின்முல்லைத் துறைப் பாடல்களை நாம் எல்லோரும் பள்ளியிலிருந்தே அறிவோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், முன்பே தந்தையையும் கணவனையும் போரில் இழந்தவள், எஞ்சிய ஒரே மகனையும் களத்துக்கு அனுப்புகிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாய், மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டுச் சினந்து களத்தில் பிணம் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்த உடலில் புறப்புண் இல்லை என்று கண்டு, ஈன்றபோதைவிட மகிழ்கிறாள். பதிற்றுப்பத்தில் சேர அரசனொருவனைப் பாடியவரும் இதே நச்செள்ளையார்தான். சேரநாட்டோடு தொடர்புடைய புலவர் பாடிய தாய்க்கும், அதே சேரநாட்டின் தென்கோடியில் பல நூற்றாண்டு கழித்துப் பாடப்பட்ட தாய்க்கும் இவ்வளவு தொலைவு.

இதை ‘வீரம் குன்றியது’ என்று படிப்பது எளிது, பிழையும்கூட. மூதின்முல்லைத் தாய் யாருடைய அவையில் பாடப்பட்டாள் என்பதை முதலில் கேட்க வேண்டும். வேந்தனும் மறவரும் அமர்ந்திருக்கும் இடத்தில் துயரத்துக்கு அனுமதிக்கப்பட்ட வடிவம் பெருமிதம்தான். வில்லுப்பாட்டோ கோயில் கொடையில், ஊர்ப் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் பந்தலில், விடிய விடியப் பாடப்படுவது. அங்கே தாய் தடுக்கலாம். தடுத்தும் அவன் போனான் என்பதில்தான் கதை இருக்கிறது. கேட்பவர் அனைவருக்கும் முடிவு தெரியும். தெரிந்தே, இந்த முறையாவது அவள் பேச்சு நிலைக்காதா என்று காத்திருக்கிறார்கள். கனவுப் பகுதி நீளமாக இருப்பதற்குக் காரணம் பாடகருக்கு நேரம் கடத்த வேண்டியிருந்தது என்று ஒருவர் எனக்கு விளக்கியதுண்டு. சாவைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது என்பதே என் எண்ணம்.

குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டை ஆய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தம் நூலில் (1988) தெய்வப் பிறப்புக் கதைகளையும் கொலையுண்டோர் கதைகளையும் பிரித்துக் காண்கிறார். பின்னவற்றில், சாவு பாடப்படும் தருணத்தில்தான் அருள் வந்து ஆடுவது உச்சம் பெறுகிறது. வெட்டுண்டு இறந்து தெய்வமானவரை வெட்டுப்பட்ட வாதை என்றே அப்பகுதியில் அழைப்பார்கள். இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதியபோது நகர மாணவர் சிரித்தனர். அகத்தீசுவரம் வட்டத்து மாணவர் இருவர் சிரிக்கவில்லை. வாதை என்பது துன்பம், பேய், தெய்வம் மூன்றையும் ஒருசேரக் குறிக்கும் சொல். அநியாயமாக இறந்தவரைப் பாடினால் அவர் வருவார் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கும் ஊராரிடம், இது வரலாற்றுச் சான்றாகுமா என்று கேட்பது எவ்வளவு அயலான கேள்வி என்பது அப்போது வகுப்புக்கு உறைத்தது.

இனி அந்த முதல் கேள்வி.

மலையாள இலக்கிய வரலாறு இப்பாடலைத் ‘தெக்கன் பாட்டுகள்’ என்னும் வகையில் சேர்க்கிறது. உள்ளூர் பரமேசுவர ஐயர் முதலான மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இவ்வகையைப் பேசியிருக்கிறார்கள். தமிழில் இது கதைப்பாடல். ஐவர் ராசாக்கள் கதையோடும் கன்னடியன் படைப்போரோடும் வைத்து எண்ணப்படுவது. மலையாளத்தில் இது ‘தமிழ் கலந்தது’, தமிழில் ‘மலையாளம் கலந்தது’. இரு வீட்டிலும் திண்ணையில்தான் இடம். வடக்கன் பாட்டின் ஒதேனனுக்கும் உண்ணியார்ச்சைக்கும் பாடநூலும் திரைப்படமும் கிடைத்தன. கணியாகுளத்தில் விழுந்தவருக்கு ஆய்வேட்டில் ஓர் இயல் கிடைத்தால் பெரிது.

மொழியை முடிவுசெய்ய வழக்கமாகக் காட்டப்படும் அளவுகோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வினைமுற்றில் -ஆன், -ஆள், -ஆர் என்ற பாலிட விகுதிகள் வந்தால் தமிழ் என்பார்கள். இன்றைய மலையாளத்தில் அவை இல்லை. ஆனால் பழைய மலையாளப் பாட்டிலக்கியமான இராமசரிதத்தில் உண்டு. எழுத்தும் யாப்பும் தமிழாக இருந்தால் தமிழ் என்றால், பதினான்காம் நூற்றாண்டு லீலாதிலகம் குறுக்கே வருகிறது: அது ‘பாட்டு’ என்ற வகைக்கே தமிழ் எழுத்தையும் எதுகை மோனையையும் இலக்கணமாக்குகிறது. ‘வந்து’ என்றால் தமிழ், ‘வந்நு’ என்றால் மலையாளம் என்பது இவற்றைவிட உறுதியான அளவுகோல்தான். ஆனால் நம் கையில் இருப்பது பாடகரின் வாய் அன்று, ஏடெழுதியவரின் கை. அதற்குப் பின் பதிப்பாசிரியரின் கை.

எனக்கு வழி காட்டியது ஒரே ஒரு சொல். கதையின் நடுவில் இருப்பது தலை. எழுத்துத் தமிழில் ‘தலை’, மலையாளத்தில் ‘தல’. சொல்லிறுதி ஐகாரம் மலையாளத்தில் அகரமாயிற்று என்பது மொழியியல் முதலாண்டுப் பாடம். ஆனால் நாஞ்சில்நாட்டில் தமிழ் பேசும் எவரும், ஏன், பெரும்பாலான தமிழர் எவரும், பேச்சில் ‘தலை’ என்று முழு ஐகாரத்தோடு சொல்வதில்லை. வில்லடித்துப் பாடியவர் வாயில் வந்தது ‘தல’தான். அதைத் தமிழ்ப் பதிப்பாசிரியர் ‘தலை’ என்று ‘திருத்தினால்’ பாடல் தமிழாகிறது. மலையாள லிபியில் கேட்டபடி எழுதினால் மலையாளமாகிறது. மழை, மலை, படை, நடை, வேலை எல்லாவற்றுக்கும் இதே கதி. வெட்டுண்டு கணியாகுளத்திலிருந்து பாசறைக்குப் போய்த் திரும்பி வந்த அந்தத் தலை, எந்த மொழிக்குரியது என்று அந்தச் சொல்லின் ஒலியை வைத்துச் சொல்ல முடியாது. எழுத்தை வைத்துச் சொல்லலாம். அது பதிப்பித்தவரின் ஊரைச் சொல்லும்.

நெய்யாற்றின்கரை மாணவர் இதற்கு, “அப்படியானால் கேள்வியே தவறு என்கிறீர்களா?” என்றார். முழுதும் தவறு என்று நான் சொல்லவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன் அங்கே நடந்த போராட்டத்தில் உயிர்கள் போயின. தாய்மொழியில் படிக்க, தாய்மொழியில் மனுக்கொடுக்க வேண்டும் என்று கேட்ட அம்மக்களுக்கு ‘இது தமிழா?’ என்ற கேள்வி புலமை விளையாட்டாக இருக்கவில்லை. அந்தக் கேள்வியின் வலியை மதிக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டுப் பாடலிடம் போய் அதே விடையை வாங்க முடியாது என்பதே என் தயக்கம். இரவிக்குட்டிப்பிள்ளை வேணாட்டுக்காகச் செத்தார். அந்த வேணாடு நம் இரண்டு மாநிலங்களுள் எதுவும் அன்று.

போர்ப்பாடலின் நினைவு எப்படியெல்லாம் பயன்படும் என்பதற்கு ஒரு வெளிநாட்டு எடுத்துக்காட்டை வகுப்பில் சொன்னேன். 1389-இல் கொசோவோ சமவெளியில் ஒட்டோமானியரோடு பொருது மாண்ட செர்பிய இளவரசர் லாசரைப் பற்றிய நாட்டுப்பாடல்களில் ஒன்று, வெட்டுண்ட அவர் தலை பின்னர் கண்டெடுக்கப்பட்டு உடலோடு சேர்வதைப் பாடுகிறது. கணியாகுளத்தைப் படித்துவிட்டு அதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். தலை உடலோடு சேராமல் துயரம் முடியாது என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. ஆனால் அதே கொசோவோ நினைவு, 1989-இல் அறுநூறாம் ஆண்டு விழாவில் மிலோசெவிச்சின் மேடையாயிற்று. அடுத்த பத்தாண்டில் அந்நாடு என்ன ஆயிற்று என்பது அனைவருக்கும் தெரியும். பாடல் அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்திருக்கும். கேட்டவர் வேறொன்றைக் கேட்டார்கள்.

நம்மிடம் இதற்கு ஒரு மாற்று மருந்து இருக்கிறது என்பதை இரண்டாம் வாரத்தில்தான் உணர்ந்தேன். இரவிக்குட்டியின் கதையில் பகைவனாக வரும் இராமப்பய்யனுக்குத் தனியே ஒரு பாடல் உண்டு: இராமப்பய்யன் அம்மானை. சேதுபதி சடைக்கன்மீது அவர் நடத்திய போரை அது பாடுகிறது. அங்கே அவர் கதைத் தலைவர். இரண்டையும் வரிசையாகப் படிக்கும் மாணவருக்கு, கணியாகுளத்தில் தலை கொய்த படையின் தலைவனும் யாரோ ஒரு புலவரின் பாட்டில் புகழுக்குரியவன் என்பது தெரியவரும். விளவங்கோட்டு மாணவி இதைக் கேட்டதும் சற்று முகம் சுளித்தார். “அவரையுமா பாடியிருக்காங்க?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஒரு போரை ஒரு பாட்டால் மட்டும் கற்பிப்பதில் உள்ள இடர் என்ன என்று நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் அந்தக் கேள்வி அளவுக்குச் சொல்லியிருக்க முடியாது.

என் துறைக்குள்ளேயும் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. புறநானூற்றை நான் உண்மையில் அறிந்தது வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த சொல்லடைவின் வழியாக. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை 1962-இல் வெளியிட்ட அந்த நூல், ஒவ்வொரு சொல்லும் வடிவமும் எங்கே வருகிறது என்று காட்டும். அதைப்போல் ஒரு கருவி இந்தக் கதைப்பாடல்களுக்கு இருந்திருந்தால் என் ஆய்வு பாதி வேலையில் முடிந்திருக்கும். அதே நேரத்தில், ‘தாய்’ என்ற சொல்லை அடைவில் தேடிப் பழகிய கை, அந்தத் தாய் என்ன செய்கிறாள் என்று நின்று பார்க்கப் பழகவில்லை. மூதின்முல்லைத் தாயையும் கல்குளத்துத் தாயையும் ஒப்பிடும் கேள்வி என்னிடமிருந்து வரவில்லை, மாணவியிடமிருந்து வந்தது என்பதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தேர்வுத் தாள்களில் ஒருவர், இப்பாடல் ‘போரின் ஓர்மையைக் காக்கிறது’ என்று எழுதியிருந்தார். சிவப்புப் பேனாவால் ‘ஓர்மை’யை அடித்து ‘நினைவு’ என்று எழுதப்போய் நிறுத்திக்கொண்டேன். குமரியில் அது அன்றாடச் சொல், “ஓர்ம இருக்கா?” என்று கேட்டுத்தான் பழைய ஆட்கள் பேச்சைத் தொடங்குவார்கள். மலையாளத்தில் அதுவே பொதுச்சொல். தாளை மதிப்பிட்ட இன்னொருவர் அதை மலையாளக் கலப்பு என்று குறித்து ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார். பேசித் திரும்பப் பெற்றுக் கொடுத்தேன்.

அடுத்த பருவத்தில் இப்பகுதிக்கு நான்கு வாரம் கேட்டிருக்கிறேன். முதல் வாரத்தில் கனவுப் பகுதியை மட்டும், தேதியும் மொழியும் பேசாமல், உரக்கப் படிக்க எண்ணம். தமிழ்ப் பதிப்பை ஒரு மலையாள மாணவரும், மலையாளப் பதிப்பை ஒரு தமிழ் மாணவரும் படிக்க வேண்டும். இராமப்பய்யன் அம்மானைக்கு ஒரு வாரம். கணியாகுளத்துக்கு ஒரு நாள் போய்வரவும் கேட்டிருக்கிறேன். இரு மாநில எல்லையைக் கடக்கும் கல்விச் சுற்றுலாவுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.